மூக்கு அறியாத ஆவி

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

முன்னுரை

காய்கறிக் கடையில் தராசு இருக்கிறது. பால்காரரிடம் லிட்டர் படி இருக்கிறது. துணிக்கடையில் மீட்டர் கோல் இருக்கிறது. நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளையும் அளந்து வாங்குகிறோம். ஒரு பிடி குறைந்தாலும் கேட்கிறோம். ஆனால் ஒரு நாளில் நாம் மிக அதிகமாக உட்கொள்ளும் பொருளை மட்டும் அளப்பதே இல்லை. அதுதான் காற்று. எட்டு மணி நேரம் உடல் உழைப்புச் செய்யும் ஒரு தொழிலாளி ஏறக்குறைய 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அந்தக் காற்றில் வேறு என்ன கலந்திருக்கிறது? அதை எப்படி அறிவது?

பத்தாம் வகுப்பு அறிவியலில் எத்தனாலைப் பற்றிப் படிக்கிறோம். கரும்பாலைக் கழிவுப்பாகு நொதித்து எத்தனால் ஆவதையும், அதைக் குடிப்பதால் வரும் கேட்டையும் பாடம் சொல்கிறது. அதன் உடன்பிறப்பாகிய மெத்தனாலைப் பற்றி, அதிலும் அதனோடு வேலை செய்கிறவர்களுடைய பாதுகாப்பைப் பற்றி, நாங்கள் தேடிப் படித்து அறிந்தவற்றை இக்கட்டுரையில் தருகிறோம்.

இரு சகோதரிகள்

எத்தனாலில் இரண்டு கார்பன் அணுக்கள் உள்ளன. மெத்தனாலில் ஒன்றுதான் உண்டு. வித்தியாசம் அவ்வளவே. இரண்டும் நிறமற்றவை, தண்ணீரோடு எளிதில் கலப்பவை, நன்றாக எரிபவை. பக்கத்தில் பக்கத்தில் இரு கண்ணாடிக் குப்பிகளில் வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. முற்காலத்தில் மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கி மெத்தனாலை எடுத்ததால் அதற்கு மரச் சாராயம் என்ற பெயரும் உண்டு. இப்போது பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் தயாரிக்கிறார்கள்.

மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆயினும் கொதிக்கும்வரை அது காத்திருப்பதில்லை. மூடி திறந்த நொடியிலிருந்து ஆவியாகிக் கொண்டே இருக்கும். 11 டிகிரி வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றக்கூடிய அளவை அடைந்துவிடும். சித்திரை வெயிலில் தகிக்கும் நம் சேலம், நாமக்கல் சமவெளியைச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காட்டின் மார்கழிப் பகலுக்குக்கூட அது பொருந்தும். அதன் சுடரோ வெளிர் நீலம். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது.

நம் ஊரில் எங்கே இருக்கிறது?

இது எங்கோ உள்ள பெரிய ஆலைகளின் விஷயம் என்று தோழியர் எண்ணிவிட வேண்டாம். மேட்டூரின் இரசாயனத் தொழிலில் குளோரோமீத்தேன் வகைகளைத் தயாரிக்க மெத்தனால் மூலப்பொருள். பெயிண்ட்டை இளக்கும் தின்னர் கலவைகள் சிலவற்றில் மெத்தனாலும் ஒரு பங்கு. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் தின்னர் இல்லாமல் ஒரு நாளும் நகராது. தச்சர்கள் நாற்காலிக்கும் கதவுக்கும் பூசும் பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கைச் சாராயத்தில் கரைத்தது. குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்து விற்கும் அந்தச் சாராயத்தில் மெத்தனாலும் இருக்கலாம். இத்தகைய திரவங்களை ஊர் ஊராகக் கொண்டு செல்பவை டேங்கர் லாரிகள். நம் நாமக்கல் டேங்கர் லாரிகளுக்குப் பெயர் பெற்ற ஊர்.

எங்கள் பள்ளி மாணவியர் பலரின் தந்தையர் லாரித் தொழிலிலும் பட்டறையிலும் பாடுபடுகிறவர்கள். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்காமார் பலர் வேலைக்குப் போகிறார்கள். ஆகவே இது நம் வீட்டுப் பேச்சுத்தான்.

லிட்டரை எண்ணிய சட்டம்

சாராயத்துக்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு சரித்திரத் தொடர்பு உண்டு. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி, 1937-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்ந்திருந்தது. 1997-இல்தான் தனி மாவட்டமாயிற்று.

அந்தச் சட்டத்தின் கீழ், குடிப்பதற்கல்லாத சாராயம், மெதில் ஆல்கஹால், பிரெஞ்சு பாலிஷ் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த 1959-இல் விதிகள் வகுக்கப்பட்டன. யார் வாங்கலாம், எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கெல்லாம் உரிமமும் கணக்கும் வந்தன. திருடிக் குடிப்பதைத் தடுப்பதே அவ்விதிகளின் நோக்கம். அது எவ்வளவு தேவையானது என்பதை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாடறியும். நம் பக்கத்து மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிருக்குப் போராடிய பலரைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் கொண்டு வந்தார்கள்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பீப்பாயில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று எண்ணினால், குடிப்பவரைக் காப்பாற்றலாம். அந்தப் பீப்பாயைத் திறந்து நாள் முழுவதும் வேலை செய்கிறவரைக் காப்பாற்ற, லிட்டர் கணக்கு போதாது. அவர் குடிக்கவில்லை, சுவாசிக்கிறார். அவருக்காக எண்ண வேண்டியது காற்றை.

உடலுக்குள் நடப்பது என்ன?

மெத்தனால் மூன்று வழிகளில் உடலுக்குள் நுழைகிறது: வாய் வழியாக, மூச்சு வழியாக, தோல் வழியாக. கையுறையில்லாத கையை அதில் நனைத்தால் தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த வழி திறந்திருப்பதை மறக்கக் கூடாது.

உள்ளே போன மெத்தனாலைக் கல்லீரல் மாற்றத் தொடங்குகிறது. முதலில் அது ஃபார்மால்டிஹைடு ஆகிறது. பிறகு ஃபார்மிக் அமிலம் ஆகிறது. கட்டெறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அந்த எறும்பிலிருந்துதான் ஃபார்மிக் அமிலத்துக்குப் பெயரே வந்தது. உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபடி இந்த அமிலம் தடுக்கிறது. அதிலும் முதலில் அடிபடுவது கண்ணின் நரம்பு. பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிரில் உள்ளதெல்லாம் மூடுபனிக்குள் இருப்பது போல் வெள்ளையாக மங்கித் தெரியும். ஏற்காட்டு மூடுபனி வெயில் ஏறினால் விலகிவிடும். இந்த மூடுபனி சிலருக்கு விலகுவதே இல்லை.

இதில் பெரிய ஏமாற்று, காலதாமதம். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவை முதலில் வந்தாலும், கடுமையான விளைவுகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வெளிப்படும். அதற்குள் தொழிலாளி வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு உறங்கியும் விடுவார். மறுநாள் பார்வை மங்கினால் 'பித்தம்' என்றோ 'வெயில் தாக்கியது' என்றோ வீட்டார் நினைத்துக் கொள்வார்கள். பட்டறையையும் பார்வையையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது.

கொரியா தரும் பாடம்

இப்படி முடிச்சுப் போடத் தெரியாமல் போனதன் விலையைத் தென்கொரியா கண்டது. 2015, 2016-ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் புச்சோன், இஞ்சோன் நகரங்களில், கைப்பேசிக்கு அலுமினிய உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகளில் ஆறு இளம் தொழிலாளர்கள் பார்வையை இழந்தார்கள். உலோகத்தைக் கடையும்போது சூடு தணிக்க எத்தனாலைப் பயன்படுத்தியிருக்கலாம். விலை குறைவு என்பதால் மெத்தனாலைப் பயன்படுத்தினார்கள். அவர்களில் பலர் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக வந்த தற்காலிகப் பணியாளர்கள். கையாள்வது என்ன திரவம் என்றே அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. ஆய்வாளர்கள் வந்து காற்றை அளந்தபோது, அனுமதித்த அளவை மெத்தனால் பல மடங்கு தாண்டியிருந்தது.

அளக்கும் கருவி அந்த ஆலைகளுக்கு வந்தது, கண்கள் போன பிறகு. அதற்கு முன்பே வந்திருந்தால்? கைப்பேசியைத் தொடும் போதெல்லாம் இக்கேள்வி எங்கள் மனத்தில் எழுகிறது.

பத்து இலட்சத்தில் இருநூறு

அனுமதித்த அளவு என்பது என்ன? மெத்தனால் ஆவிக்கு உலகின் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு 200 பி.பி.எம். அதாவது பத்து இலட்சம் பங்கு காற்றில் 200 பங்கு ஆவி. இந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 100 பெருக்கல் 100 பெருக்கல் 100, ஆக பத்து இலட்சம் கன சென்டிமீட்டர். அதில் 200 கன சென்டிமீட்டர் ஆவி என்றால், ஒரு காப்பி டம்ளர் நிறைய. அதுதான் 200 பி.பி.எம். எடைக் கணக்கில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 260 மில்லிகிராம்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள ஒரு சிறிய அறை. கொள்ளளவு 27 கன மீட்டர். கதவும் சன்னலும் சாத்தியிருக்கின்றன. அதில் 10 மில்லி லிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி மெத்தனால் சிந்தி முழுவதும் ஆவியாகிறது. அதன் எடை 7.9 கிராம், அதாவது 7,900 மில்லிகிராம். 27-ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 293 மில்லிகிராம். பி.பி.எம். கணக்கில் ஏறக்குறைய 224. வெறும் இரண்டு தேக்கரண்டி, வரம்பைத் தாண்டிவிட்டது! அப்படியானால் மூடிய அறையில் ஒரு வாளி தின்னரைத் திறந்து வைத்து வேலை செய்வதைப் பற்றி நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உண்மையில் வரம்பு ஒன்றல்ல, இரண்டு. 200 என்பது எட்டு மணி நேர வேலையின் சராசரி. 250 என்பது பதினைந்து நிமிடச் சராசரி. சிறிது நேரத்துக்குக்கூட அதைத் தாண்டக் கூடாது. ஏன் இரண்டு? ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தொழிலாளி நான்கு மணி நேரம் 100 பி.பி.எம். காற்றிலும், இரண்டு மணி நேரம் 350 காற்றிலும், மீதி இரண்டு மணி நேரம் 50 காற்றிலும் வேலை செய்கிறார். 400, 700, 100 ஆகியவற்றைக் கூட்டி எட்டால் வகுத்தால் 150. சராசரி வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம்? அங்கே 250 என்ற இரண்டாவது வரம்பு மீறப்பட்டிருக்கிறது. சராசரி என்ற போர்வைக்குள் ஆபத்து ஒளிந்து கொள்ளாமல் பார்ப்பதே இரண்டாவது வரம்பின் வேலை. எட்டு மணிக்கு வகுத்த எண் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே உள்ளே போவதும் அதிகம். உடல் அதை வெளியேற்றக் கிடைக்கும் ஓய்வும் குறைவு.

மூக்கு நல்ல தராசு அல்ல

'வாசனை வந்தால் வெளியே வந்துவிடலாமே' என்று கேட்கலாம். மெத்தனாலின் மணம் மெல்லியது. எந்த அளவில் அது தெரிய வரும் என்பது ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுகிறது. பலருக்கு 200-ஐத் தாண்டிய பிறகே தெரியும். அப்படித் தெரிந்தாலும் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். பூக்கடைக்காரருக்கு மல்லிகை மணம் தெரியாமல் போவதைப் போல, பட்டறையில் காலையில் தெரிந்த வாடை மதியத்தில் தெரியாது. வாடைதான் மறைந்ததே தவிர ஆவி மறையவில்லை.

முன்னாளில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரி என்னும் சிறு பறவையைக் கூண்டில் கொண்டு போவார்கள். நச்சு வாயு இருந்தால் மனிதனுக்கு முன்னால் பறவை மயங்கி விழும். 1986-ஆம் ஆண்டு கருவிகள் அதன் இடத்தைப் பிடித்தன. அந்தக் கருவிகளைப் போல மெத்தனாலுக்கும் உண்டு.

காற்றை அளக்கும் விதம்

முதலாவது, நிறம் மாறும் குழாய். பென்சில் போன்ற கண்ணாடிக் குழாய்க்குள் ஓர் இரசாயனப் பொடி இருக்கும். இரு முனைகளையும் உடைத்து, கைப் பம்பால் குறிப்பிட்ட அளவு காற்றை இழுத்தால், மெத்தனால் இருக்குமானால் பொடியின் நிறம் மாறும். நிறம் எவ்வளவு தூரம் மாறியது என்பதைக் குழாயின் மேலுள்ள கோடுகளால் படிக்கலாம். எளிது, விரைவு. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக் காற்றைத்தான் அது சொல்லும். வேறு சாராய வகைகள் இருந்தாலும் நிறம் மாறக்கூடும்.

இரண்டாவது, ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முறை. புதுச் செருப்புப் பெட்டியில், கைப்பைக்குள் 'தின்னாதே' என்று அச்சிட்ட சிறு பொட்டலம் இருக்குமே, அதிலுள்ள சிலிக்கா ஜெல்தான் இங்கே உதவுகிறது. சிலிக்கா ஜெல் நிரப்பிய சிறு குழாயைத் தொழிலாளியின் சட்டைக் கழுத்துப்பட்டையில் குத்துவார்கள். மூக்குக்கு அருகில், சுமார் ஒரு சாண் தூரத்துக்குள். அதிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இடுப்பிலுள்ள சிறு பம்புக்குப் போகும். நிமிடத்துக்கு 20 மில்லி லிட்டர் அளவில் பம்பு காற்றை மெதுவாக இழுக்கும். நான்கு மணி நேரத்தில் 4.8 லிட்டர். அதற்குமேல் இழுத்தால் குழாய் நிரம்பி ஆவி தப்பிவிடும். ஆகவே மதியம் புதுக் குழாய் மாற்ற வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் சிலிக்கா ஜெல் ஈரத்தையும் பிடித்துக் கொள்ளும் என்பதால் மழைக்காலத்தில் இன்னும் கவனம் தேவை.

ஆய்வுக்கூடத்தில் அந்த மெத்தனாலைக் கழுவி எடுத்து, வாயு குரோமட்டோகிராஃப் என்னும் கருவியில் அளக்கிறார்கள். 4 லிட்டர் காற்றில் 1.2 மில்லிகிராம் கிடைத்தது என்று கொள்வோம். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர் அல்லவா? ஆக ஒரு கன மீட்டரில் 300 மில்லிகிராம். ஏறக்குறைய 229 பி.பி.எம். வரம்பு மீறிவிட்டது.

பம்பை ஏன் சுவரில் மாட்டாமல் மனிதர் மேல் மாட்டுகிறார்கள்? அறையின் மூலையில் காற்று சுத்தமாக இருக்கலாம். தொட்டியின் மேல் குனிந்து வேலை செய்கிறவரின் முகத்தருகே அப்படி இருக்காது. அளக்க வேண்டியது அறையின் காற்றை அல்ல, அவர் சுவாசிக்கும் காற்றை.

மூன்றாவது, கையில் பிடிக்கும் மின்கருவி. புற ஊதா விளக்கொளியால் ஆவியின் மூலக்கூறுகளை மின்னேற்றம் செய்து, உடனே எண்ணாகக் காட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. இக்கருவிகளில் வழக்கமாக உள்ள விளக்கின் ஆற்றல் 10.6 எலக்ட்ரான் வோல்ட். எத்தனாலுக்குத் தேவை 10.47, எனவே கருவி அதைக் காணும். மெத்தனாலுக்குத் தேவையோ 10.85. விளக்கின் ஆற்றல் மயிரிழையில் போதாமல், மெத்தனால் நிறைந்த அறையிலும் கருவி பூஜ்யம் காட்டும்! அதற்கென 11.7 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு வேண்டும். 'பூஜ்யம்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: அங்கே ஒன்றுமில்லை, அல்லது இந்தக் கருவிக்குத் தெரியவில்லை. எது என்று கேட்கத் தெரிந்தவரே கருவியைப் பிடிக்கத் தகுந்தவர்.

இவை தவிர, தோல் வழி போனதையும் சேர்த்து அறிய, வேலை முடியும் நேரத்தில் சிறுநீரில் மெத்தனாலை அளப்பதும் உண்டு. லிட்டருக்கு 15 மில்லிகிராம் என்பது அதற்குரிய வழிகாட்டும் அளவு.

அளந்த பிறகு

நோயைக் கண்டுபிடித்துவிட்டு மருந்து கொடுக்காமல் விடுவதில்லை. அளந்த பின் செய்ய வேண்டியவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு.

முதலில், மெத்தனால் வேண்டுமா என்று கேட்பது. துடைப்பதற்கும் கழுவுவதற்கும் எத்தனால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போன்றவை போதுமென்றால் மாற்றிவிடலாம். அடுத்து, மூடுவது. திறந்த வாளிக்குப் பதில் மூடிய பாத்திரம். மூன்றாவது, ஆவி எழும் இடத்திலேயே அதை இழுத்து வெளியேற்றும் விசிறிக் குழாய். மேற்கூரை மின்விசிறி இதற்கு உதவாது. அது ஆவியை எல்லார் முகத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும். கடைசியாகத்தான் கையுறையும் முகக்கவசமும். கைக்குப் பியூட்டைல் ரப்பர் கையுறை நல்லது. முகத்துக்கு? நம் ஊரில் தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார்கள். துண்டு தூசியைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. கரி நிரப்பிய முகக்கவசத்திலும் மெத்தனால் சீக்கிரமே ஊடுருவிவிடும். அளவு மிகுந்த இடத்தில் வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் கவசமே ஏற்றது.

டேங்கருக்குள்ளும் பீப்பாய்க்குள்ளும் இறங்குவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 20 டிகிரி வெப்பத்திலேயே மூடிய கலனுக்குள் மெத்தனால் ஆவி நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் சேர்ந்துவிடும். வரம்பைப் போல் அறுநூறு மடங்கு! 6,000 பி.பி.எம். அளவே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும்போது, இது 1,20,000. காற்றில் 6 முதல் 36 சதவீதம் வரை இருந்தால் அது தீப்பற்றவும் செய்யும். எனவே கழுவிக் காற்றோட்டம் செய்து, ஆக்சிஜனையும் ஆவியையும் அளந்து, வெளியே ஓர் ஆள் காவல் நிற்காமல் எவரும் உள்ளே இறங்கலாகாது. உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் பாசத்தால் பதறி இன்னொருவர் குதிப்பதும் கூடாது. அப்படித்தான் ஓர் உயிருக்குப் பதில் இரண்டு உயிர் போகிறது.

சட்டம் தரும் உரிமை

1984 டிசம்பரில் போபாலில் மெதில் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்ததை நாடு மறக்காது. அதன் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. வேலையிடக் காற்றில் இன்ன இரசாயனம் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற அட்டவணை அப்போது சட்டத்தில் சேர்ந்தது. மெத்தனாலுக்கு அதில் 200, 250 என்ற அதே இரு எண்களும், தோல் வழி நுழையும் என்ற குறிப்பும் இருந்தன. உடனடி ஆபத்து என்று கண்டால் அதைச் சுட்டிக்காட்டும் உரிமையும் தொழிலாளிக்குக் கிடைத்தது. 2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020 அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ளது. வேலையிடக் காற்றின் வரம்பை அரசு வகுப்பதும், ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமையும் அதிலும் தொடர்கின்றன. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையமும், அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனமும் உள்ளன.

ஆயினும் நான்கு பேர் வேலை செய்யும் சாலையோரப் பட்டறைக்கு, காற்றை அளக்கும் பம்பு நாளைக்கே வந்துவிடப் போவதில்லை. அங்கே வீட்டார் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

நாம் செய்யக் கூடியவை

வீட்டில் அப்பாவிடமும் அண்ணனிடமும் மாமாவிடமும் கேட்போம்: 'டின்னில் என்ன பெயர் எழுதியிருக்கிறது?' பெயரில்லாத டின் வேண்டாம் என்போம். கதவைத் திறந்து வைத்தோ வெளியிலோ வேலை செய்யச் சொல்வோம். தின்னரால் கை கழுவுவது பல பட்டறைகளில் வழக்கம். சோப்பும் தண்ணீரும் போதும் என்று எடுத்துச் சொல்வோம். காலி டின்னை வீட்டுக்குக் கொண்டு வந்து தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலில் எந்தச் சாராயத்தையும் ஊற்றி வைக்கக் கூடாது.

உடம்பில் கொட்டினால் துணியை உடனே களைந்து, குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆவியால் தலை சுற்றினால் வெளிக்காற்றுக்கு வர வேண்டும். பார்வை சிறிது மங்கினாலும், அது மறுநாளாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் முதலில் சொல்ல வேண்டியது: 'மெத்தனாலில் வேலை செய்தவர்.' மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் மருத்துவரிடம் உண்டு. ஆனால் அவை காலத்தோடு கிடைத்தால்தான் கண் பிழைக்கும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் மருத்துவருக்கும் வழி தெரியும்.

வேலைக்குப் போகப் போகும் தோழியருக்கும் ஒன்று. நாளை நாம் எந்தத் தொழிற்சாலை வாசலில் கால் வைத்தாலும் சம்பளம் எவ்வளவு, விடுதி உண்டா என்று கேட்போம். அதோடு, 'நாங்கள் கையாளப் போகும் திரவம் எது? காற்றை எப்போது அளந்தீர்கள்? எவ்வளவு இருந்தது?' என்றும் கேட்போம். அது அடங்காப்பிடாரித்தனம் அல்ல. சட்டம் தந்த அறிவு.

முடிவுரை

மெத்தனால் நம் பகைவன் அல்ல. அதைக் கொண்டு மருந்தும் பிளாஸ்டிக்கும் எரிபொருளும் செய்கிறார்கள். அதனால் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. ஆனால் அந்த அடுப்புக்காக உழைப்பவரின் கண் விளக்கு அணைந்துவிடக் கூடாது. சேலம் மாவட்டம் 1937-இல் மதுவிலக்கைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டியது. அந்த மாவட்டத்துப் பட்டறைகளும் ஆலைகளும் தொழிலாளியின் மூக்கருகே உள்ள காற்றையும் எண்ணத் தொடங்கினால், அதுவும் அத்தகைய பெருமைதான். அந்த வேலையைக் கற்றுக்கொண்டு செய்ய எங்கள் வகுப்பிலிருந்தே சிலர் வருவார்கள் என்று நம்புகிறோம்.

காய்கறியை அளந்து வாங்கும் நாம், காற்றையும் அளந்து சுவாசிப்போம்.